அம்மாவின் பென்ஷனை நிறுத்திய வரிப் பட்டியல்

கேள்வி: என் அம்மாவுக்கு 68 வயது. அப்பா இறந்து பல வருடங்கள் ஆகின்றன. பீடி சுற்றி எங்களை வளர்த்தவர். பார்வை மங்கியதும் வேலையை விட்டுவிட்டார். தென்மாவட்ட நகராட்சி ஒன்றில் ஒற்றை அறை வாடகை வீட்டில் இருக்கிறார். முதியோர் உதவித்தொகைதான் அவருடைய வருமானம். சில மாதங்களாக அது வங்கிக் கணக்கில் வரவில்லை. தாலுகா அலுவலகத்தில் கேட்டால், "நகராட்சி வரிப் பட்டியலில் உங்கள் பெயரில் மாடி வீடு இருக்கிறது" என்கிறார்கள். அந்த வீடு அம்மாவின் பெயரையே கொண்ட வேறொருவருடையது. நகராட்சியிலோ, "பட்டியல் கேட்டார்கள், கொடுத்தோம். பென்ஷனை நிறுத்தியது நாங்கள் அல்ல" என்கிறார்கள். இதற்கிடையே, தொகை நிறுத்தப்பட்டவர்களின் பட்டியலை ஊழியர் ஒருவர் எங்கள் வார்டு வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். பெயர், ஆதார் எண், கைப்பேசி எண் எல்லாம் அதில் இருக்கின்றன. அம்மா விண்ணப்பத்தில் என் எண்ணைக் கொடுத்திருந்ததால், கடன் தருகிறோம் என்று எனக்குத் தினமும் அழைப்புகள் வருகின்றன. எங்களைக் கேட்காமல் ஓர் அலுவலகம் இன்னோர் அலுவலகத்துக்கு விவரங்களைக் கொடுக்கலாமா? யார் மீது புகார் செய்வது? இனி எங்கேயும் ஆதாரைக் கொடுக்காமல் இருந்துவிடலாமா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

வழக்கறிஞரின் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கேட்ட வரிசையை மாற்றிப் பதில் சொல்கிறேன். அம்மாவின் கைக்குப் பணம் திரும்ப வர வேண்டும், அதுதான் அவசரம். யார் மீது புகார் என்பதை அதற்குப் பிறகு பார்க்கலாம்.

தொகையை நிறுத்தியது வருவாய்த் துறை. ஆகவே முதல் மனு, தாலுகா அலுவலகத்தில் சமூகப் பாதுகாப்புத் திட்டத்தைப் பார்க்கும் தனி வட்டாட்சியருக்குப் போக வேண்டும். இதுவரை நீங்கள் கேட்டதெல்லாம் வாய்மொழியாக, கிடைத்த பதிலும் வாய்மொழியாக. அந்தப் பதிலுக்கு எந்தத் தடயமும் இல்லை. நாளைக்கு அந்த எழுத்தர் மாறுதலில் போய்விட்டால் கதை மறுபடியும் முதலிலிருந்து தொடங்கும். அதனால் எழுதிக் கொடுங்கள். நகலில் தேதியுடன் முத்திரை வாங்குங்கள். மனு நீளமாக இருக்க வேண்டியதில்லை. இப்படி எழுதினால் போதும்:

"எனக்கு வழங்கப்பட்டுவந்த முதியோர் உதவித்தொகை நிறுத்தப்பட்டுள்ளது. என் பெயரில் நகராட்சி வரிவிதிப்பு இருப்பதாகக் காரணம் சொல்லப்பட்டது. நான் இன்னாரின் மகள், இன்னாரின் மனைவி, இந்த முகவரியில் வாடகைக்குக் குடியிருக்கிறேன். எனக்கு எந்தக் கட்டடமும் சொந்தமில்லை. எந்த வரிவிதிப்பு எண்ணை வைத்துத் தொகை நிறுத்தப்பட்டது, பெயரைத் தவிர வேறு எந்த விவரம் என்னோடு பொருந்தியது, நிறுத்தும் முன் எனக்கு அறிவிப்பு அனுப்பப்பட்டதா, நேரில் விசாரணை நடந்ததா என்பதை எழுத்துமூலம் தெரிவிக்கவும். நேரில் விசாரித்து, நிறுத்தப்பட்ட மாதம் முதல் நிலுவையுடன் தொகையை வழங்கவும்."

கூடவே வங்கிப் புத்தகத்தில் கடைசியாகப் பணம் வரவான பக்கத்தின் நகல், ரேஷன் அட்டை நகல், வீட்டு உரிமையாளரிடம் வாடகைக்கு இருப்பதாக ஒரு கடிதம் ஆகியவற்றை இணையுங்கள். கிராம நிர்வாக அலுவலரையும் வருவாய் ஆய்வாளரையும் நேரில் பார்த்து, மனு கொடுத்திருப்பதைச் சொல்லிவிட்டு வாருங்கள். விசாரணைக்குப் போகச் சொல்லிக் கோப்பு அவர்களிடம்தான் வரும். பதில் வரத் தாமதமானால், திங்கட்கிழமை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் அதே மனுவின் நகலைக் கொடுங்கள்.

அந்த மனுவில் "பெயரைத் தவிர வேறு எது பொருந்தியது" என்ற கேள்வியைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். உங்கள் அம்மாவின் வழக்கு முழுவதும் அதில்தான் நிற்கிறது. நம் ஊர்ப் பெயர்களை வைத்து இரண்டு பட்டியலை ஒப்பிடுவது எவ்வளவு ஆபத்து என்பது, அந்தப் பட்டியல்களைக் கையால் தொட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. ஒரு பெயரும் அதற்கு முன்னால் ஓர் எழுத்தும்தான். அந்த எழுத்தும் பெண்களுக்கு நிலையாக இருப்பதில்லை. கல்யாணத்துக்கு முன் அப்பாவின் எழுத்து, பின் கணவரின் எழுத்து. பிறந்த வீட்டில் பதிவானது ஒன்று, ரேஷன் அட்டையில் இன்னொன்று, வங்கியில் எழுத்தே இல்லாமல் மூன்றாவது. பழைய பதிவேட்டில் தமிழில் இருந்த பெயரைக் கணினியில் ஆங்கிலத்தில் ஏற்றும்போது, லட்சுமி என்ற ஒரே பெயர் ஏற்றுகிறவரைப் பொறுத்து நாலைந்து விதமாக மாறும். இதையெல்லாம் சமாளிக்க, "ஏறக்குறைய ஒத்துப்போனால் ஒன்றாக எடுத்துக்கொள்" என்று கணினிக்குச் சொல்லிவிட்டால், ஒரே வார்டில் இருக்கும் இரண்டு மாரியம்மாள்களும் ஒருவராகிவிடுவார்கள். ஒருவருடைய மாடி வீடு இன்னொருவருடைய தலையில் ஏறும். நகராட்சியின் வரிக் கேட்புப் பட்டியல், அதாவது எந்தக் கட்டடத்துக்கு யார் வரி கட்ட வேண்டும் என்ற பட்டியல், வரி வசூலிப்பதற்காக உருவான பதிவு. கட்டடத்துக்கு யார் பணம் கட்டுவார் என்பதுதான் அதற்குத் தேவை. உரிமையாளர் இறந்து பல வருடம் கழித்தும் பெயர் மாற்றம் செய்யாமல், மகன் வந்து வரி கட்டிக்கொண்டிருப்பான். அந்தப் பதிவேடு அவ்வளவில் சரிதான். அதையே எடுத்து, இன்னார் ஆதரவற்றவரா இல்லையா என்று தீர்மானிக்கப் பயன்படுத்தினால், அது சொல்லாத ஒன்றைச் சொல்ல வைக்கிறோம்.

இது உங்கள் ஊரில் மட்டும் நடப்பதல்ல. தெலங்கானாவில் "சமக்ர வேதிகா" என்ற பெயரில் பல துறைகளின் பதிவுகளை ஒரே இடத்தில் இணைத்தார்கள். ஹைதராபாத்தில் ரிக்‌ஷா ஓட்டியவர் ஒருவரைப் பெயர் ஒற்றுமையால் கார் உரிமையாளர் என்று அந்தக் கணினி முடிவுசெய்து, அவருடைய குடும்பத்துக்கு ரேஷன் கிடைக்காமல் போனது செய்தியாக வெளிவந்தது. அந்த மாநிலத்தில் நேரடி விசாரணை இல்லாமல் ரத்து செய்யப்பட்ட சுமார் 19 லட்சம் ரேஷன் அட்டைகளை நேரில் போய் மறுபடி சரிபார்க்கும்படி 2022இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அதே வருடம் ஹரியானாவின் ரோத்தக்கில், பதிவேட்டில் இறந்துவிட்டதாகக் காட்டப்பட்டுப் பென்ஷனை இழந்த 102 வயது முதியவர் ஒருவர், தாம் உயிரோடிருப்பதை அதிகாரிகளுக்குக் காட்ட மேளதாளத்துடன் ஊர்வலம் போனார். நூறு வயது கடந்தவரைத் தெருவில் இறக்கியது எந்தத் தனி மனிதரின் கெட்ட எண்ணமும் அல்ல. பதிவைக் கொடுத்தவர் "கொடுத்தேன்" என்கிறார், வாங்கியவர் "வந்ததைப் பார்த்தேன்" என்கிறார். நடுவில் பொறுப்பு யாரிடமும் இல்லை.

இப்போது உங்கள் முதல் கேள்வி. கேட்காமல் கொடுக்கலாமா?

கொடுக்கவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். உங்கள் அப்பா இறந்தபோது இறப்புச் சான்றிதழை எடுத்துக்கொண்டு ரேஷன் கடை, வங்கி, மின்வாரியம் என்று அம்மா அலைந்திருப்பார். ஒரு துறையில் பதிவானது இன்னொரு துறைக்குத் தானாகப் போனால், துக்க வீட்டுக்காரர்களுக்கு அந்த அலைச்சல் மிச்சம். 1969ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தை 2023இல் திருத்தியபோது, தேசிய அளவிலான பிறப்பு, இறப்புத் தரவுத்தளத்தை வாக்காளர் பட்டியல், ரேஷன் அட்டை, பாஸ்போர்ட், ஓட்டுநர் உரிமம், சொத்துப் பதிவு ஆகியவற்றைக் கையாளும் அமைப்புகளுக்கு மத்திய அரசின் ஒப்புதலோடு தரலாம் என்று சட்டத்திலேயே எழுதினார்கள். அந்தத் திருத்தத்தில் எனக்கு மாற்றுக் கருத்துகள் உண்டு. ஆனாலும் எந்த விவரம், யாருக்குப் போகும் என்பதை ஒரு சாதாரண மனிதர் படித்துத் தெரிந்துகொள்ளும்படி அது எழுத்தில் இருக்கிறது. உங்கள் விஷயத்தில் அப்படி ஒரு எழுத்து இருக்கிறதா? நகராட்சி எந்த உத்தரவின்படி வரிப் பட்டியலைக் கொடுத்தது, என்ன காரியத்துக்கு என்று கொடுத்தது? இதை நீங்கள் கேட்கலாம், கேட்க வேண்டும்.

கேட்கும் உரிமைக்கு அடித்தளம், 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு புட்டசாமி வழக்கில் தந்த தீர்ப்பு. அந்தரங்கம் அடிப்படை உரிமை. அதில் அரசு கைவைக்க வேண்டுமானால் அதற்கு ஒரு சட்டம் இருக்க வேண்டும், நியாயமான நோக்கம் இருக்க வேண்டும், நோக்கத்துக்குத் தேவையான அளவைத் தாண்டக் கூடாது என்பதே அதன் சாரம். தகுதியில்லாதவர்களுக்குப் பணம் போகாமல் பார்ப்பது நியாயமான நோக்கம்தான், மறுக்கவில்லை. ஆனால் பெயர் ஒத்துப்போகிறது என்ற ஒன்றை மட்டும் வைத்து, கேட்காமல், ஒரு மூதாட்டியின் ஒரே வருமானத்தை நிறுத்துவது எந்த அளவுகோலுக்கும் பொருந்தாது. பாதிக்கப்படுகிறவரின் பேச்சைக் கேட்காமல் முடிவெடுக்கக் கூடாது என்ற இயற்கை நீதிக் கோட்பாடு, தனிநபர் தரவுச் சட்டம் என்ற பேச்சே எழாத காலத்திலிருந்து நம் நீதிமன்றங்களில் இருக்கிறது. உங்கள் கையில் இருப்பவற்றில் வலுவானது அதுதான்.

ஐரோப்பாவில் இதே கேள்வி ஒரு வழக்காகவே வந்தது. ருமேனியாவில் வரித் துறை, சுயதொழில் செய்வோரின் வருமான விவரங்களை அவர்களுக்குச் சொல்லாமலே மருத்துவக் காப்பீட்டு நிதி அமைப்புக்குக் கொடுத்தது. அந்த அமைப்பு அதை வைத்து நிலுவை கட்டச் சொன்னது. சம்பந்தப்பட்டவர்களுக்குத் தெரிவிக்காமல் ஓர் அரசு அமைப்பு இன்னோர் அரசு அமைப்புக்கு அப்படித் தரவைக் கொடுத்தது செல்லாது என்று 2015 அக்டோபர் 1 அன்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு நம்மைக் கட்டுப்படுத்தாது. ஆனால் உங்கள் மனதில் எழுந்த கேள்வி நியாயமான கேள்வி என்பதற்கு அது சாட்சி.

நம் நாட்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில் வந்தது. விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. ஆனால் துறைகளின் கடமைகளையும் நம் உரிமைகளையும் சொல்லும் முக்கியப் பிரிவுகளுக்கு விதிகள் வெளியானதிலிருந்து 18 மாத அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். கணக்கிட்டால் 2027 மே மாதம் வருகிறது. இந்தச் சட்டத்தைப் பற்றி உங்களுக்குப் பெரிய நம்பிக்கை கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. ஓர் உதவிக்காக நீங்கள் அரசுக்கு ஒருமுறை சம்மதம் கொடுத்திருந்தால், வேறு உதவி, சான்றிதழ், உரிமம் வழங்கவும் அந்த விவரத்தை அரசு பயன்படுத்தலாம் என்கிறது 7ஆம் பிரிவு. தரவை அழிக்கச் சொல்லும் உரிமை அரசிடம் செல்லாது என்கிறது 17ஆம் பிரிவு. தனியார் நிறுவனத்தை இறுக்கிப் பிடித்துவிட்டு அரசுக்குக் கதவைத் திறந்துவைத்திருக்கிறார்கள் என்பது என் கருத்து.

இருந்தும் 8ஆம் பிரிவில் ஒரு வரி இருக்கிறது. உங்களைப் போன்றவர்கள் பிடித்துக்கொள்ள வேண்டிய வரி அது. ஒருவரைப் பாதிக்கும் முடிவை எடுக்கப் பயன்படும் தரவாக இருந்தாலும், இன்னோர் அமைப்புக்குக் கொடுக்கப்படும் தரவாக இருந்தாலும், அது முழுமையாகவும் துல்லியமாகவும் முரணின்றியும் இருப்பதை உறுதிசெய்ய வேண்டும் என்கிறது. கொடுப்பவருக்கும் அந்தக் கடமை, முடிவெடுப்பவருக்கும் அந்தக் கடமை. தரவை அழிப்பதில் அரசுக்கு விலக்கு தரும் அந்த உட்பிரிவும் இதைத் தொடவில்லை. "நாங்கள் கொடுத்தோம், அவ்வளவுதான்" என்று நகராட்சி சொன்ன பதில், இந்தப் பிரிவு நடைமுறைக்கு வந்த பிறகு ஒரு பதிலாகவே நிற்காது. விதிகளின் இரண்டாம் அட்டவணை, உதவித்தொகை போன்றவற்றுக்காகத் தரவைக் கையாளும்போது சம்பந்தப்பட்டவருக்குத் தெரிவிக்க வேண்டும், கேள்வி கேட்க யாரைத் தொடர்புகொள்வது என்பதையும் சொல்ல வேண்டும் என்கிறது.

அதுவரை கையில் இருப்பது தகவல் அறியும் உரிமைச் சட்டம். இதிலும் ஒரு மாற்றத்தைக் கவனியுங்கள். தனிநபர் விவரங்களைத் தர மறுக்க இடம்கொடுக்கும் அதன் 8(1)(j) பிரிவைத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் வழியாகத் திருத்திவிட்டார்கள். திருத்தம் 2025 நவம்பரிலேயே அமலுக்கு வந்துவிட்டது. தனிநபர் விவரம் என்ற ஒரே காரணத்தைச் சொல்லி இப்போது மறுக்க முடிகிறது. மக்களின் விவரங்களைக் காக்க வந்த சட்டத்தின் பகுதிகளில், மக்கள் கேள்வி கேட்பதைச் சுருக்கும் பகுதி முதல் கட்டத்திலேயே அமலானது எனக்கு வேதனையாக இருக்கிறது.

ஆகவே நகராட்சியிடம் "அந்த மாடி வீடு யாருடையது" என்று கேட்காதீர்கள், மறுத்துவிடுவார்கள். அந்த அம்மாவின் விவரம் உங்களுக்குத் தேவையும் இல்லை, அவருக்கும் அந்தரங்கம் உண்டு. உங்கள் அம்மாவைப் பற்றி மட்டும் கேளுங்கள். இன்னாரின் மனைவியான இவர் பெயரில், இந்த ஆதார் எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களோடு, வரிவிதிப்பு ஏதாவது இருக்கிறதா? வரிப் பட்டியலை வருவாய்த் துறைக்கு அனுப்பச் சொன்ன கடிதத்தின் நகலும், அனுப்பிய கடிதத்தின் நகலும் வேண்டும். அதில் என்னென்ன தலைப்புகளின் கீழ் விவரங்கள் அனுப்பப்பட்டன? இவற்றில் அடுத்தவர் அந்தரங்கம் எதுவும் இல்லை. 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதே சட்டத்தின் 4(1)(d) பிரிவு, நிர்வாக முடிவுகளுக்கான காரணத்தைப் பாதிக்கப்பட்டவருக்கு அரசு அலுவலகம் தெரிவிக்க வேண்டும் என்கிறது. தாலுகா அலுவலக மனுவில் இந்தப் பிரிவைக் குறிப்பிடுங்கள்.

"இவர் பெயரில் வரிவிதிப்பு இல்லை" என்று நகராட்சி எழுதித் தந்துவிட்டால், அந்த ஒரு தாளே பெரும்பாலும் போதும். அதற்குப் பிறகும் தொகை வராவிட்டால் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் ரிட் மனு, அதாவது அரசு அலுவலகத்துக்கு நீதிமன்றம் உத்தரவிடக் கோரும் மனு, போடலாம். வக்கீல் செலவுக்குப் பயப்பட வேண்டாம். பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச சட்ட உதவி தர வேண்டும் என்பது 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம். மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே அந்த அலுவலகம் இருக்கும். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

வாட்ஸ்அப் பட்டியலுக்கு வருகிறேன். இரு துறைகளுக்கு இடையே நடந்த பரிமாற்றத்தில் சரி தவறு என்று வாதிட இடமுண்டு. இதில் எந்த வாதத்துக்கும் இடமில்லை. ஒருவருடைய ஆதார் எண்ணைப் பொதுவில் வெளியிடக் கூடாது என்று 2016ஆம் ஆண்டின் ஆதார் சட்டம் 29(4) பிரிவு தடுக்கிறது. 2017இல் மத்திய, மாநில அரசுகளின் சுமார் 210 இணையதளங்களில் பயனாளிகளின் பெயரும் முகவரியும் ஆதார் எண்ணும் கிடந்து, பிறகு நீக்கப்பட்டன. அதற்குப் பிறகும் ஊழியர்களின் கைப்பேசியில் பட்டியல்கள் உலவுவதற்கு அலட்சியத்தைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. வேலை முடிய வேண்டும் என்ற அவசரத்தில் ஒருவர் அனுப்புகிறார். குழுவில் இருக்கும் முந்நூறு பேரில் ஒருவர் கடன் தரகர்.

அந்தப் பதிவின் படத்தை, அனுப்பியவரின் எண்ணும் தேதியும் தெரியும்படி எடுத்து வையுங்கள். அதைக் குழுவில் மறுபடி போட்டுக் கண்டிக்க வேண்டாம். எண்கள் இன்னொரு சுற்றுப் போகும். குழுவின் நிர்வாகியிடம் நீக்கச் சொல்லுங்கள். பிறகு நகராட்சி ஆணையருக்கு எழுத்துமூலம் புகார் கொடுத்து, நகலை ஆட்சியருக்கு அனுப்புங்கள். ஆதார் ஆணையத்தின் 1947 எண்ணிலும் பதிவுசெய்யுங்கள். ஊழியர் பெயரைச் சொல்லி அவர் வேலையைப் பறிக்கச் சொல்வதைவிட, பட்டியல் எப்படி வெளியே வந்தது, இனி வராமல் இருக்க என்ன உத்தரவு போட்டிருக்கிறார்கள் என்று கேட்பது பட்டியலில் இருக்கும் மற்றவர்களுக்கும் பயன்படும். அம்மாவின் ஆதாரில் கைரேகை, கருவிழிப் பதிவைப் பூட்டும் வசதி உண்டு. உதவித்தொகையை வங்கி முகவரிடம் விரல் வைத்து வாங்குகிறவர் என்றால், ஒவ்வொரு முறையும் திறந்து பூட்ட வேண்டும் என்பதை யோசித்துச் செய்யுங்கள். அழைக்கிறவர்களிடம் ஓ.டி.பி. எதையும் சொல்லாதீர்கள், பணம் பறிபோனால் உடனே 1930க்கு அழையுங்கள்.

ஆதாரைக் கொடுக்காமலே இருக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். அரசின் தொகுப்பு நிதியிலிருந்து வரும் உதவிகளுக்கு ஆதாரைக் கேட்கலாம் என்ற பிரிவை 2018 செப்டம்பர் 26 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டுவிட்டது. மறுத்தால் இழப்பு அம்மாவுக்குத்தான். ஆனால் எப்படிக் கொடுக்கிறோம் என்பது நம் கையில் இருக்கிறது. கடைசி நான்கு இலக்கங்கள் மட்டும் தெரியும் நகலை ஆதார் தளத்திலேயே எடுக்கலாம்; ஏற்றுக்கொள்ளும் இடங்களில் அதைக் கொடுங்கள். முழு எண்ணும் வேண்டும் என்பவர்களிடம் கொடுக்கும் ஜெராக்ஸில், எண்ணையும் படத்தையும் மறைக்காமல் குறுக்கே "முதியோர் உதவித்தொகை மனுவுக்கு மட்டும்" என்று எழுதித் தேதியும் கையெழுத்தும் போடுங்கள். எந்த அலுவலகத்துக்கு எதைக் கொடுத்தோம் என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். ஒரு விவரம் வெளியே வந்தால் எந்த வழியாக வந்தது என்று தேட அது உதவும்.

தாலுகா அலுவலகத்திலிருந்தோ நகராட்சியிலிருந்தோ பதில் வந்ததும் அதன் நகலை எனக்கு அனுப்புங்கள். அடுத்த மனுவை எழுதித் தருகிறேன். அம்மாவின் ஆதார் எண்ணையும் வங்கிக் கணக்கு எண்ணையும் மறைத்துவிட்டு அனுப்புங்கள். எனக்கு அவை தேவையில்லை.